தூசி தட்டுதல்: உவமை இல்லாமல்

நம் இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் தொடர் 'தூசி தட்டி எடுப்பது'. மறக்கப்பட்ட எழுத்தாளரைத் தூசி தட்ட வேண்டும். பழைய சிற்றிதழ்களைத் தூசி தட்ட வேண்டும். இந்நாட்டுத் தமிழர் வரலாற்றைத் தூசி தட்ட வேண்டும். சொல்லி முடித்ததும் கைத்தட்டல், பொன்னாடை, பிறகு கீழே இறங்கினால் மீகூனும் தேநீரும். இருபது வருடங்களாக நானும் கேட்டு வருகிறேன். இத்தனை பேர் இத்தனை தட்டு தட்டியும் ஒருவர் சட்டையில்கூட ஒரு பொட்டுத் தூசி ஒட்டி நான் பார்த்ததில்லை.

இந்தக் கட்டுரை நிஜமான தூசியைப் பற்றியது. பழைய மேசைக் கணினியின் பெட்டிக்குள், மின்விசிறிக்கும் அதன் அடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில், கம்பளி மாதிரிப் படிந்து கிடக்கும் தூசி. 'இதையெல்லாமா இலக்கிய இதழில் எழுதுவது?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

செந்தூலில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கும் அமைப்பு ஒன்று. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அது அந்த ஓர் அமைப்பின் குற்றமாகச் சுருங்கிவிடும். மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். அங்கே ஒரு பெண்டியம் 4 கணினி இருந்தது. 2004 வாக்கில் வாங்கியது, விண்டோஸ் எக்ஸ்பி. கடந்த ஆண்டு ஒரு நிகழ்ச்சிக்குப் பழைய அழைப்பிதழ் ஒன்று தேவைப்பட்டு நான் அதைத் திறக்கச் சொன்னபோது செயலாளர் சிரித்தார்.

"அது செத்துப்போச்சு அண்ணே. பத்து நிமிஷம் ஓடும், அப்புறம் படக்குன்னு நின்னுரும். கடையில காட்டுனோம். போர்டு போச்சு, புதுசு வாங்கிக்குங்கன்னுட்டான்."

"தொறந்து பாத்தீங்களா?"

"தொறக்குறதா? யாருங்க இதோட மல்லுக்கட்டுறது!"

பத்து நிமிடம் ஓடி நிற்கும் இயந்திரம் செத்த இயந்திரம் இல்லை. மூச்சு முட்டுகிற இயந்திரம். செயலி வேலை செய்யும்போது சூடாகும். அந்தச் சூட்டை மேலே பொருத்தியிருக்கும் உலோகத் தகடுகள் வாங்கிக்கொள்ளும். விசிறி அத்தகடுகளுக்கு நடுவே காற்றைத் தள்ளி வெப்பத்தை வெளியேற்றும். தகடுகளின் இடைவெளி அடைபட்டால் விசிறி எவ்வளவு கத்தினாலும் காற்றுக்குப் போக வழியில்லை. அப்போது செயலி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நமக்கு அது 'கம்ப்யூட்டர் ஸ்லோ'. அதற்கும் மேல் சூடேறினால் அணைந்துவிடும். நமக்கு அது 'போர்டு போச்சு'. அதிலும் 2004-இல் வெளிவந்த பெண்டியம் 4 வகை சூட்டுக்குப் பெயர் போனது. ஆரோக்கியமாக இருந்தபோதே கொதித்துக்கொண்டிருந்த பிராணி அது.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். மேலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதுதான் ஏமாற்று. விசிறியின் நான்கு கொக்கிகளை விடுவித்துத் தூக்கியபோது அடியில் ஒரு மெத்தை இருந்தது. கிழியாமல், சதுரமாக, ஒரே துண்டாக உரிந்து வந்தது. துணி நார், தாள் தூள், தலைமுடி, சாமி மேடையிலிருந்து வந்த சாம்பிராணிக் கரி, கூரைச் சாயம், ஒரு கரப்பான் பூச்சியின் கால். 2015-லும் 2019-லும் இந்தப் பட்டணத்தை மூடிய புகைமூட்டத்தையும் அந்தப் பெட்டி தன் பங்குக்குக் குடித்திருக்கும். நாம் முகக்கவசம் போட்டுக்கொண்டோம், பள்ளிகளை மூடினோம். அதற்கு யார் என்ன போட்டார்கள்? நம் ஊர் ஈரப்பதத்தில் தூசி உதிரியாக இருக்காது. பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு களிம்பாகும்.

ஒரு பெயிண்ட் பிரஷ், ஒரு கையடக்க ஊதுகருவி, ஒரு மணி நேரம். இயந்திரம் ஓடியது. பத்து நிமிடம் தாண்டியது, ஒரு மணி நேரம் தாண்டியது. தேதி மட்டும் ஏதோ ஒரு பழைய ஜனவரி 1 என்று காட்டியது. தாய்ப்பலகையின் காசு மின்கலம் தீர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

உள்ளே அழைப்பிதழ் மட்டுமா இருந்தது? ஏழு வருடத்து இதழ்கள், பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்தபடி. அச்சில் வந்தவையும், காசில்லாமல் அச்சேறாமல் நின்றுபோன இரண்டு இதழ்களும். இறந்துபோன ஒரு கவிஞர் திருத்தித் திருத்திச் சேமித்த ஒரே கவிதையின் ஐந்து வடிவங்கள். நான் அங்கேயே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வாசித்தேன். செயலாளரும் வாசித்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் கேட்டேன்: "இன்னொரு கம்ப்யூட்டர் இருந்துச்சே, மாடிப்படிக்குக் கீழ?"

அது 'பேப்பர் லாமா' லாரிக்குப் போய்விட்டிருந்தது. தெருவில் ஒலிபெருக்கி வைத்துக் கூவிக்கொண்டு வருமே, அந்த லாரி. பழைய நாளிதழ்க் கட்டுகளோடு சேர்த்துப் பன்னிரண்டு வெள்ளிக்கு. மூன்று வாரம் முன்பு.

அந்தப் பெட்டியில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதில் பாதியைத் தட்டச்சு செய்தவன் நான். செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற பதினொரு பேரின் நேர்காணல்கள். ஒரு நினைவு மலருக்காக எடுத்தோம். மலரில் ஆளுக்கு ஒன்றரைப் பக்கம்தான் இடம் கிடைத்தது. மீதி, அதாவது அவர்கள் உண்மையில் பேசியது, அந்த வன்வட்டில் இருந்தது. ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துப் போயின. பதினொரு பேரில் இன்று இருப்பவர் ஒருவர். அவருக்கு இப்போது தன் மகனைக்கூட அடையாளம் தெரிவதில்லை.

"நகல் எடுத்து வச்சிருக்கக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். வைத்திருக்க வேண்டும்தான். அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் கடைக்காரர் 'போர்டு போச்சு' என்று சொன்னதும், வட்டும் போய்விட்டது என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்களே, அது எப்படி? போர்டு வேறு, வட்டு வேறு. வீட்டுக் கூரை ஒழுகினால் பீரோவில் இருக்கும் பத்திரத்தையும் சேர்த்தா குப்பையில் போடுவோம்? இயந்திரத்துக்குள் என்ன எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நமக்கு விருப்பமில்லை. விருப்பமில்லாததை 'எனக்கு டெக்னிக்கல் தெரியாது' என்று அடக்கமாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்த அடக்கத்தின் மேல் எனக்கு மரியாதை கிடையாது.

இந்த நாட்டில் அப்படிச் சொல்லத் தமிழருக்கு இன்னும் கூடுதலாக வெட்கமாக இருக்க வேண்டும். முரசு மென்பொருளை 1985-இலேயே தொடங்கியவர் முத்து நெடுமாறன். உலகத் தமிழ் எழுத்தாளர்கள் பலர் முதல் மின்னஞ்சலைத் தமிழில் அனுப்பியது முரசு அஞ்சலைக் கொண்டு. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. கணினியில் தமிழை ஏற்றுவதில் மலேசியா யார் பின்னாலும் நடந்ததில்லை. ஏற்றியதைக் காப்பாற்றுவதில்தான் இந்த லட்சணம்.

யூனிகோட் பரவலாவதற்கு முன் தட்டச்சு செய்த தமிழ், தமிழாகவே சேமிக்கப்படவில்லை என்பதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கஷ்டம். ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருந்தோம். திஸ்கி என்று ஒன்று, தமிழ்நாட்டு அரசு 1999-இல் ஏற்ற டாப், டாம் என்று இன்னும் இரண்டு, அச்சகத்துக்கு அச்சகம் சொந்தக் குறியீடு. எந்த எழுத்துருவில் அடித்தோமோ அது இருந்தால்தான் அது தமிழ். இல்லையென்றால் புரியாத கிறுக்கல். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்ததே 2001-இல். ஆகவே 1990களிலும் 2000களின் முதல் பாதியிலும் இந்நாட்டில் எழுதப்பட்ட தமிழில் பெரும்பகுதிக்கு அந்தப் பழைய பெட்டியே சாவி: எழுத்துரு, மென்பொருள், கோப்பு மூன்றும் ஒன்றாகப் பொருந்தி உட்கார்ந்திருக்கும் ஒரே இடம். கோப்பை மட்டும் பென்டிரைவில் உருவி எடுத்துக்கொண்டு பெட்டியை எறிகிறவர், பூட்டை எடுத்துக்கொண்டு சாவியை எறிகிறார். மாற்றிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. எந்தக் குறியீடு என்று தெரிந்தால் மாற்றலாம். அது தெரிய, அந்தக் கோப்பு ஒருமுறையாவது சரியாகத் திறக்க வேண்டும்.

மேகத்தில் போட்டுவிட்டால் போதும் என்கிறார் ஒரு நண்பர். சரி, போடுங்கள். மேகத்துக்கு ஏற்ற முதலில் இயந்திரம் உயிரோடு இருக்க வேண்டுமே ஐயா!

இனி செந்தூல். நான் இந்த வட்டாரத்தை எடுத்துப் பேசுவதற்கு நான் இங்கே பிறந்தவன் என்பது மட்டும் காரணமில்லை. கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வே தன் மத்தியப் பட்டறையை இங்கேதான் நிறுத்தியது. 1945-இல் நேச நாட்டு விமானங்கள் கோலாலம்பூரில் தேடி வந்து குண்டு போட்டது இந்த ரயில்வே பட்டறைகளுக்குத்தான். பராமரிப்பு நின்றால் ரயில் நிற்கும், ரயில் நின்றால் ஜப்பானியர் கையும் காலும் கட்டிப்போடப்படும் என்று குண்டு போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. பராமரிப்பின் மதிப்பு போர் நடத்துகிறவனுக்குத் தெரிகிறது, நம் செயற்குழுவுக்குத் தெரிவதில்லை.

என் அப்பா அங்கே பிட்டர். நீராவி எஞ்சின்களின் கடைசிக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து டீசலில் ஓய்வு பெற்றவர். கொதிகலனுக்குள் வரிசையாகப் புகைக்குழாய்கள் இருக்குமாம். நெருப்பின் சூடு அந்தக் குழாய்களின் வழியாகப் போய்ச் சுற்றியுள்ள தண்ணீரைக் காய்ச்சும். குழாயின் உட்சுவரில் கரி படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாது. நிலக்கரி எரிந்துகொண்டே இருக்கும், நீராவி எழாது. எனவே நீளக் கம்பியில் பிரஷ் கட்டிக் குழாய் குழாயாக இடித்துத் துடைப்பார்கள். என் பெண்டியத்தில் நடந்தது இதே சங்கதிதான். அங்கே சூட்டை உள்ளே விட மறுத்தது கரி, இங்கே சூட்டை வெளியே விட மறுத்தது தூசி. பட்டறை ஆட்கள் யாரும் 'எஞ்சின் ஸ்லோவாயிருச்சு, புதுசு வாங்கிருவோம்' என்று சொன்னதாக அப்பா சொல்லவில்லை. குழாயைத் துடைத்தார்கள்.

இப்போது அந்தப் பட்டறை இல்லை, பத்து காஜாவுக்குப் போய்விட்டது. ரயில்வேயின் பழைய கட்டடம் ஒன்று 2005-இல் கோலாலம்பூர் கலை அரங்க மையமாகத் திறக்கப்பட்டது. நாடகம் பார்க்கப் போயிருக்கிறேன், அழகான இடம். சுற்றிலும் அடுக்குமாடிகள். அந்த அடுக்குமாடிகளில் குடியிருக்கும் பட்டறைக்காரர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் திருப்புளியின் எந்த முனை எதற்கென்று தெரியாது. இது அவர்கள் குற்றமில்லை. கையில் அழுக்குப் படாத வேலைக்குப் போ என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவர்கள் நாம்.

இங்கேதான் எனக்கு உண்மையான கோபம். நகராண்மைக் கழகத்தில் தெரு கூட்டியவர்களும், சாக்கடை அள்ளியவர்களும், தண்டவாளம் போட்டவர்களும் நம் பாட்டன் பாட்டிகள். அந்தத் துடைப்பத்திலிருந்து தப்பிப்பதுதான் முன்னேற்றம் என்று நினைத்தோம். அப்படி நினைக்க நியாயம் இருந்தது. ஆனால் தப்பித்த பிறகு துடைப்பதையே கேவலமாகப் பார்க்கும் சாதிப் பார்வையைத் திரும்ப எடுத்துப் பூசிக்கொண்டோம். தூசி என்றால் அது வேறு யாரோ பார்க்க வேண்டிய வேலை. முன்பு அந்த 'யாரோ' நாம். இப்போது வங்காளதேசத்துத் தம்பி. அவன் அலுவலகத்துக்கு வந்து தரையைக் கூட்டுவான், மேசையைத் துடைப்பான். கணினியைத் திறக்க அவனுக்கு அனுமதியில்லை. நமக்குத் திறக்க மனமில்லை.

ஆயுத பூசைக்கு மட்டும் குறைவில்லை. கணினிக்கு மூன்று பட்டை, நடுவில் குங்குமம், பெட்டியின் தலையில் ஒரு சாமந்தி. காற்றுத் துளைக்குள் விபூதி சலசலவென்று உதிர்கிறது. பிறகு சாம்பிராணி, அது முழுவதும் உள்ளே. பட்டறையிலும் பூசை உண்டு. ஆனால் அதற்கு முந்தைய நாள்கள் முழுக்கத் துடைத்து, எண்ணெய் போட்டு, கழுவி, அதன் பிறகுதான் பொட்டு என்பார் அப்பா. நாம் முதல் பாதியை விட்டுவிட்டோம். சாமி கும்பிட எனக்கு ஆட்சேபம் இல்லை. அடுத்த ஆயுத பூசைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்து ஆளுக்கொரு பிரஷ் எடுத்துக்கொள்ளலாம் என்கிறேன்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். நம் சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் புதுக் கணினி வாங்க மானியம் கிடைக்கும். ஒய்.பி. வருவார், ஆள் உயரத்துக்கு மாதிரிக் காசோலை, பத்து பேர் பிடித்துக்கொண்டு படம், மறுநாள் நாளிதழில் செய்தி. அதே கணினிகளை மூன்று ஆண்டு கழித்துத் திறந்து துடைக்க யாரும் மானியம் தருவதில்லை; கேட்பதும் இல்லை. தூசி தட்டும் நிகழ்வுக்கு ரிப்பன் வெட்ட முடியாதே.

இதில் நிறுவனங்களையும் விட முடியாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலிக்கு மேல் வேண்டும். 2016-இல் வாங்கிய நல்ல இயந்திரம் ஒரே நாளில் 'பழசு' ஆனது, அதில் ஒரு குறையும் இல்லாமலே. உலகம் 2022-இல் உண்டாக்கிய மின்கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன் என்கிறது ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 விழுக்காடு.

மற்றது எங்கே போகிறது என்று கிள்ளானில் இருப்பவர்களைக் கேளுங்கள். 2018-இல் சீனா கழிவு பிளாஸ்டிக்கை வாங்க மாட்டேன் என்றதும் ஜென்ஜாரோமில் இரவெல்லாம் அது எரிந்தது. செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மலை மலையாக அந்நிய நாட்டுக் குப்பை. மின்கழிவும் கிள்ளான் துறைமுகத்துக்கு வந்தபடி இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து மாதம் ஏறக்குறைய 2,000 கொள்கலன்கள் வெளியேறுவதாகவும் அவற்றைப் பெறும் நாடுகளில் மலேசியா முக்கியமானது என்றும் பாசல் ஆக்‌ஷன் நெட்வொர்க் 2025 அக்டோபரில் எழுதியது. வெள்ளைக்காரன் குப்பை நம் வாசலில் கொட்டப்படுகிறதே என்று முகநூலில் பொங்குகிறோம். செந்தூலிலிருந்து அந்த லாரி ஏற்றிப்போன பெட்டி எங்கே உடைபட்டிருக்கும், அதன் கம்பியை எரித்த புகை யார் நெஞ்சுக்குள் போயிருக்கும்?

என் தரப்பிலும் சில பைத்தியங்கள் உண்டு. பழசு எல்லாமே தங்கம் என்பார்கள். அப்படி இல்லை. எக்ஸ்பி ஓடும் இயந்திரத்தை இணையத்தில் இணைப்பது கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது, இணைக்காதீர்கள். பெண்டியம் 4 மின்சாரத்தை விழுங்கும். அன்றாடக் கணக்கு வழக்குக்கு அது வேண்டாம். தூசி தட்டினால் கணினி புதிதாகாது. தூசியால் இழந்த வேகம் திரும்பும், அவ்வளவே. 2000களின் தொடக்கத்துப் பலகைகளில் மின்தேக்கிகளின் தலை உப்பி வெடித்திருந்தால் அதற்குத் தூசி காரணமில்லை. அந்தக் காலத்தில் பல தயாரிப்பாளர்களின் மின்தேக்கிகளே மட்டமானவை. பிரஷால் அது தீராது, சால்டர் பிடிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

செய்ய விரும்புகிறவருக்குச் சில வார்த்தைகள். முதலில் வன்வட்டைக் கழற்றி, யூஎஸ்பி மாற்றி ஒன்றில் பொருத்தி, இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். வட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அதற்குள் தூசி போகாதபடிதான் மூடியிருக்கிறது, உங்கள் அக்கறைதான் அதற்கு எமன். பிறகு பெட்டியின் மின்கம்பியை உருவிவிட்டுப் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடியும். பெட்டியை அஞ்சடிக்குக் கொண்டு போய்விடுங்கள், சாமி மேடைக்குப் பக்கத்தில் வேண்டாம். முகக்கவசம் போடுங்கள். வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டு உள்ளே கைவையுங்கள். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றில் அதைப் பம்பரமாகச் சுற்ற விட்டால் பேரிங் கெடும். வாயால் ஊதினால் எச்சில் போகும். வீட்டுத் தூசு உறிஞ்சியைப் பலகைக்குக் கிட்டக் கொண்டு போகாதீர்கள், நிலைமின்சாரம் அடிக்கும். மின்வழங்கிப் பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். கம்பியை உருவிய பிறகும் உதைக்கும், வெளியிலிருந்தே ஊதுங்கள். செயலியின் மேல் காய்ந்த களிம்பை மாற்ற வேண்டுமானால் கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அணைத்து, மின்கம்பியை உருவி, சூடு ஆறுவதற்குள் தகட்டை லேசாகத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் பழைய பெண்டியத்தில் செயலியே குழியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், கால்கள் வளைந்து. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பட்டாணி அளவு புதுக் களிம்பு. எனக்கு ஆன செலவு நாற்பது வெள்ளிக்குள்.

அந்த அமைப்பின் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொடுத்திருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை, செயற்குழுவினர் அனைவரும், தலைவர் உட்பட, ஒவ்வொரு பெட்டியையும் திறந்து துடைப்பது. நகல் எடுக்காத எந்தக் கணினியும் வாசற்படி தாண்டாமல் இருப்பது. தலைவர் வாசித்துவிட்டு, "ஆளை வச்சுச் செய்யலாமே" என்றார். கூடாது என்று மூன்றாவது வரியாகப் பேனாவால் சேர்த்துக் கொடுத்தேன். இன்னும் பதில் வரவில்லை.

பேப்பர் லாமாக்காரரைத் தேடிப் போனோம், செயலாளரும் நானும். அவர் நல்ல மனுசன். குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அந்த வாரம் ஏற்றியது கிள்ளான் பக்கம் ஒரு கிடங்குக்குப் போனது என்றார். கிடங்கில், கணினிப் பெட்டிகள் வந்த அன்றே உடைத்துவிடுவோம், பித்தளை தனி, இரும்பு தனி, பலகை தனி என்றார்கள். வன்வட்டுகள் ஒரு நீல வாளியில் கிடந்தன. அறுபது எழுபது இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். எதில் எது இருந்தது என்று எழுதி ஒட்டியிருந்தால்தானே தெரியும். மேலே தூசி வேறு.

பழைய வகை வட்டுகளாகப் பார்த்து ஒன்பதை வாங்கி வந்திருக்கிறேன். இரண்டைச் சோதித்தாயிற்று, ஒன்றில் யாரோ ஒரு கார்ப் பட்டறையின் கணக்கு, இன்னொன்று சுழலவே இல்லை. மீதி ஏழு இந்த வாரம்.